பனிக்குடம் உடைந்தது தெரியாமல் இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டோம், காய்ச்சல் வந்து 33 வாரத்தில் பிரசவம். இது ஏன் வந்தது?

தங்கச்சிமடம்_டிரைவர் | ஞாயிறு, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நர்ஸ் அக்காக்களும் லேப் வேலை பார்ப்பவர்களும் இருப்பதாக நண்பன் சொன்னான், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு இது முதல் குழந்தை. போன சனிக்கிழமை சாயங்காலம், 33 வாரம் முடிந்து இரண்டு நாள், துணி துவைத்துவிட்டு எழுந்தவளுக்குப் பாவாடை நனைந்திருந்தது. துவைத்த தண்ணீர்தான் பட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ராத்திரி பாயும் நனைந்தது. மாசமாக இருக்கும்போது ஒண்ணுக்குத் தானாகப் போவது சகஜம்தான், பயப்படாதே என்று என் அம்மா சொல்லிவிட்டார். நான் விசைப்படகு டிரைவர், அன்றைக்குக் கடலில் இருந்தேன். ஞாயிறு காலை கரைக்கு வந்து மீன் எடைபோட்டு, கணக்கு முடித்து, வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். ஆனால் சொல்லும்போதே "இப்ப குறைந்துவிட்டது" என்றும் சொன்னதால் நானும் படுத்துத் தூங்கிவிட்டேன். அது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

திங்கள் காலையில் உடம்பு சுட்டது. மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இறங்கியது. மதியம் மறுபடி ஏறியது, மறுபடி மாத்திரை. இருட்டும் நேரத்தில் பல் அடிக்கிற மாதிரி குளிர் நடுக்கம். 108-ஐக் கூப்பிட்டுப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அங்கே காய்ச்சல் 102, அவளுக்கு நாடி 124, குழந்தையின் இதயத் துடிப்பு 178 என்று எழுதினார்கள். உடனே ஊசிகள் போட்டு, வலி வருவதற்கும் மருந்து ஏற்றி, செவ்வாய் விடிகாலை நார்மலாகவே பிரசவம் ஆனது. ஆண் குழந்தை, 1 கிலோ 850 கிராம். இரண்டு நாள் மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள், இப்போது தானாக மூச்சு விடுகிறான். இன்னும் என்ஐசியூவில்தான் (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறான்.

சீட்டில் 'கொரியோஅம்னியோனைடிஸ்' என்று எழுதியிருக்கிறது. டாக்டர் "பனிக்குடத்தில் கிருமி" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு வார்டு நிரம்பி வழிந்தது.

என் கேள்விகள் இவைதான். இது எதனால் வருகிறது? ஏழாம் மாசம் வரைக்கும் என் மனைவி தன் அம்மாவோடு பாசி எடுக்கக் கடலில் இறங்கினாள், இடுப்பளவு தண்ணீரில் நின்றதால்தான் கிருமி ஏறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அவளைப் போட்டு வாட்டுகிறார்கள். அது உண்மையா? கிருமி என்று தெரிந்த உடனே ஏன் ஆபரேஷன் செய்து எடுக்கவில்லை? எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு 30 வாரத்தில் தண்ணீர் உடைந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து பிறகு பிரசவம் பார்த்தார்கள், எங்களுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை? அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?

கடற்கரை_கணேசன் | ஞாயிறு, இரவு 11:05

தம்பி, பப்பாளியோ அன்னாசியோ சாப்பிட்டிருப்பார்கள், சூடு. தண்ணீர் கசிய ஆரம்பித்த உடனே சீரகக் கஷாயம் குடித்துவிட்டுக் காலை உயர்த்திப் படுத்திருந்தால் கசிவு நின்றிருக்கும். எங்கள் அப்பத்தா காலத்தில் எல்லாம் எத்தனை பிரசவம், யாருக்கு இந்தப் பெயர் தெரியாத நோய் எல்லாம் வந்தது?

லேபர்வார்டு_அக்கா | திங்கள், காலை 6:15

கணேசன் அண்ணே, அப்பத்தா காலத்திலும் வந்தது. அப்போது அதற்குப் பெயர் "பிரசவ ஜன்னி", "காய்ச்சலில் போய்விட்டாள்". பனிக்குடம் உடைந்த பிறகு கஷாயம் குடித்துப் படுத்திருப்பதுதான் இந்த நோயை வளர்க்கிற வழி. தயவுசெய்து இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

தம்பி, நான் 29 வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மண்டபம் பக்கம்தான் இருக்கிறேன். முதலில் அந்தப் பெண்ணின் தலையில் இருக்கிற பழியை இறக்கிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

குழந்தையைச் சுற்றி இருக்கிற பை இரண்டு சவ்வுகளால் ஆனது. உள்ளே இருப்பது அம்னியான், வெளியே இருப்பது கொரியான். வெங்காயத்தை உரிக்கும்போது இரண்டு அடுக்குக்கு நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு தோல் வருமே, உள்சவ்வு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். இந்த இரண்டு சவ்விலும் வருகிற அழற்சிதான் அந்த நீளமான பெயர். இப்போது சில ஆஸ்பத்திரிகளில் அதையே 'இன்ட்ரா அம்னியாட்டிக் இன்ஃபெக்‌ஷன்' என்று எழுதுகிறார்கள், ஏனென்றால் கிருமி சவ்வோடு நிற்பதில்லை, பனிநீர், நஞ்சு (பிளாசன்டா), தொப்புள்கொடி, குழந்தை வரைக்கும் போகும்.

அந்தக் கிருமி கடலில் இருந்து வருவதில்லை. பெரும்பாலும் பெண்ணின் பிறப்புறுப்பிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருக்கிற கிருமிகள்தான். ஈ.கோலை, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், யூரியாபிளாஸ்மா, இன்னும் காற்றில்லாமல் வளர்கிற வகைகள், பல சமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும். கர்ப்பப்பை வாயில் கெட்டியான சளி அடைத்திருப்பதாலும் பனிக்குடம் உடையாமல் இருப்பதாலும் அவை மேலே ஏறாமல் கீழேயே இருக்கின்றன. பை உடைந்தால் கதவு திறந்த மாதிரி. திறந்து எத்தனை மணி நேரம் ஆகிறதோ அத்தனைக்கு ஆபத்து கூடும். சில பேருக்கு இது தலைகீழாகவும் நடக்கும், கிருமி முதலில் சத்தமில்லாமல் ஏறிச் சவ்வை அரித்து, அதனாலேயே குடம் சீக்கிரம் உடையும். உங்கள் மனைவிக்கு எது முதலில் நடந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஏழாம் மாசத்தில் பாசி எடுத்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட ஒரு காரணமும் இல்லை. பாம்பனில், சின்னப்பாலத்தில் எத்தனை பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு கடலில் இறங்கினார்கள், அவர்களுக்கெல்லாம் நான்தான் பிரசவம் பார்த்தேன்.

பாசி எடுக்கிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரே விஷயம் வேறு. காலையில் இறங்கினால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை, ஒண்ணுக்கும் போவதில்லை, கரையில் ஒதுங்க இடமும் இருக்காது. சிறுநீர்த் தொற்று வருவதற்கு அது போதும். மாசமாக இருக்கும்போது சிறுநீர்த் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவத்துக்கு வழி உண்டு. இது கடலின் தப்பு இல்லை, குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் வழி இல்லாத கரையின் தப்பு.

ஆபரேஷன் ஏன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். இந்தத் தொற்று மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. கிருமி இருக்கிற கர்ப்பப்பையைக் கத்தி வைத்துத் திறந்தால் அது வயிற்றுக்குள்ளும் தையலிலும் பரவும், ரத்தப்போக்கும் கூடும். குழந்தையின் துடிப்பு தாங்குகிற மாதிரி இருந்து, பிரசவமும் நகர்ந்தால் நார்மல்தான் தாய்க்கு நல்லது. உங்களுக்கு அது நடந்திருக்கிறது, அதற்குச் சந்தோஷப்படுங்கள்.

மூன்று வாரம் காத்திருந்த அந்தத் தெருப் பெண்ணுக்குக் குடம் உடைந்ததே தவிரக் கிருமி ஏறவில்லை. 34 வாரத்துக்கு முன்னால் அப்படி உடைந்தால், காய்ச்சலும் வேறு சிக்கலும் இல்லாதவரை, ஆஸ்பத்திரியில் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்து, குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டு, நாளைக் கடத்துவார்கள். ஒவ்வொரு நாளும் லாபம். கிருமி ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகு கணக்கு மாறிவிடும். உள்ளே வைத்திருப்பதுதான் நஷ்டம். எவ்வளவு மருந்து ஏற்றினாலும் கர்ப்பப்பை காலியாகாமல் தொற்று முழுதாக அடங்காது. அதனால்தான் வலியை நிறுத்த மருந்து கொடுக்காமல் வலி வரவழைக்க மருந்து கொடுத்தார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும், அது வேலை செய்யட்டும் என்று பிரசவத்தைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கைப் பிரசவத்துக்கு முன்னாலேயே ஆரம்பிப்பதற்குக் காரணம், நஞ்சு வழியாக அது குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. வழக்கமாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும், சீட்டில் பாருங்கள்.

உங்கள் தப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், தூங்கியதைச் சொல்ல மாட்டேன், அந்தக் காய்ச்சல் மாத்திரையைச் சொல்வேன். தண்ணீர் கசிகிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டு இறக்கிப் பார்க்கக் கூடாது. காய்ச்சல்தான் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மணி அடிக்கிறது. 100.4-க்கு மேல் அரை மணி நேரம் நின்றாலோ, ஒரே தடவை 102-ஐத் தாண்டினாலோ நாங்கள் அடுத்த வேலையை ஆரம்பிப்போம். மாத்திரை அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. சரி, நடந்தது நடந்துவிட்டது.

இன்றைக்குக் குழந்தைக்கு ரத்தக் கல்ச்சர் என்ன வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

கீழக்கரை_மருமகள் | திங்கள், காலை 11:30

அக்கா சொன்னதை ஒவ்வொரு வரியும் ஆமோதிக்கிறேன். எனக்கு இரண்டாவது பிள்ளைக்கு இதே கதை, ஆனால் நிறை மாசத்தில். 39 வாரம், ராத்திரி ஒன்றரைக்குக் குடம் உடைந்தது. மாமி, "வலி இல்லையே, விடிந்ததும் போகலாம்" என்றார்கள். என் உம்மா போனில் அழுத அழுகையில் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். இத்தனைக்கும் சீக்கிரம் போயும் எனக்குக் காய்ச்சல் வந்தது. எப்படி என்றால், நான் போன இடம் (பெயர் வேண்டாம்) வருகிற டாக்டர், போகிற டாக்டர், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கையை விட்டுப் பார்த்தார்கள். நான் எண்ணினேன், 14 மணி நேரத்தில் 11 தடவை. ஒவ்வொரு தடவையும் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

குடம் உடைந்த பிறகு உள்ளே கைவைத்துப் பார்க்கிற எண்ணிக்கை கூடினால் தொற்றும் கூடும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். லேபர்வார்டு அக்கா, இது உண்மைதானே? நான் புகார் எல்லாம் கொடுக்கவில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள், அஞ்சு வயசு, வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த 11 தடவை இன்னும் நினைவில் நிற்கிறது.

தம்பி, உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். பால் வரவில்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். எனக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதே பால் கொடுக்கச் சொன்னார்கள். பிழிந்து கொடுத்தால் போதும், பாலாடையில் வைத்து ஊட்டுவார்கள். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிழிந்தால்தான் ஊறும், ராத்திரியும் சேர்த்து.

லேபர்வார்டு_அக்கா | திங்கள், மதியம் 1:10

உண்மைதான் அம்மா. நாங்களே செய்திருக்கிறோம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணிக்கு ஒரு தடவை பார்ப்பதுதான் நல்ல நர்ஸின் அடையாளம். இப்போது குடம் உடைந்து வலி இல்லாத பெண்ணுக்குக் கை வைக்கவே கூடாது, கருவி வைத்து விரித்துக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வலி வந்த பிறகும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும், அவசரம் இருந்தால் தவிர. "இப்பதான் சிஸ்டர் பார்த்தாங்க" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சாயல்குடி_ராஜா | திங்கள், இரவு 8:52

மன்னிக்கணும், நடுவில் வருகிறேன். என் மனைவிக்கு 31 வாரம். நேற்றிலிருந்து ஈரமாக இருக்கிறது என்கிறாள், காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வெள்ளைப்படுதலா, ஒண்ணுக்கா, பனிநீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாளைக்கு அவளுக்கு செக்கப் இருக்கிறது, அதுவரை பார்க்கலாமா?

லேபர்வார்டு_அக்கா | திங்கள், இரவு 8:58

பார்க்க வேண்டாம். வீட்டில் கண்டுபிடிக்க வேண்டாம். சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி அல்லது பேட் வைக்கச் சொல்லுங்கள், வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தத் துணியையும் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. குளிக்க உட்கார வேண்டாம், உள்ளே எதையும் வைக்க வேண்டாம், மாத்திரை எதுவும் வேண்டாம். தண்ணீர் பச்சையாக இருந்தாலோ நாற்றம் இருந்தாலோ குழந்தை அசைவு குறைந்திருந்தாலோ போனவுடன் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். போய்விட்டு எழுதுங்கள்.

ஃபார்மலின் | திங்கள், இரவு 11:20

நான் மதுரையில் ஒரு நோய்க்குறியியல் லேபில் டெக்னீஷியன், ஊர் தேவிபட்டினம். டிரைவர் அண்ணனுக்கு ஒரு தகவல். நஞ்சை பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். நம் ஊரில் நஞ்சைப் புதைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவதும் உண்டு, அதில் தப்பில்லை, ஆனால் இந்த மாதிரிப் பிரசவத்தில் அதில்தான் முழுக்கதையும் எழுதியிருக்கும்.

எங்களிடம் வரும் நஞ்சு ஃபார்மலினில் ஊறி வரும். நல்ல சவ்வு என்றால் வெளிச்சத்தில் பிடித்தால் பளபளவென்று மறுபக்கம் தெரியும். கிருமி தாக்கிய சவ்வு மங்கிப்போய்ப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். சவ்வை ஒரு பட்டையாக வெட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி ஓரத்திலிருந்து சுருட்டி, அந்தச் சுருளைக் குறுக்கே அறுத்து மெழுகில் பதித்துச் சாயம் ஏற்றுவோம். ஒரே ஒரு ஸ்லைடில் சவ்வின் மொத்த நீளமும் வந்துவிடும். யார் இந்த யோசனையைக் கண்டுபிடித்தாரோ, பாய் நெய்கிற வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை. சவ்வில் குவிந்திருப்பவை அம்மாவின் உடம்பு அனுப்பிய படை. தொப்புள்கொடியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருந்தால் அது குழந்தையே அனுப்பிய படை, அதாவது தொற்றின் சூடு குழந்தை வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். குழந்தை டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பல பேருக்குத் தெரியாது. காய்ச்சலே வராத, எந்தச் சந்தேகமும் இல்லாத பிரசவத்தில்கூட சவ்வில் இந்த அணுக்கள் தெரிவது உண்டு. குறைப்பிரசவத்தில் அது இன்னும் அதிகம். அதே சமயம் எல்லா அழற்சியிலும் கிருமி கிடைப்பதில்லை, கிருமி இல்லாமலும் சவ்வு அழற்சி அடையும். எனவே "அவள் கவனமாக இருந்திருந்தால்" என்ற பேச்சுக்கு மைக்ராஸ்கோப் துணை வராது.

சாயல்குடி_ராஜா | செவ்வாய், காலை 7:30

போய்விட்டு வந்தோம். ராத்திரி டியூட்டி டாக்டர் கருவி வைத்துப் பார்த்து, ஒரு பேப்பரில் தொட்டுப் பார்த்தார், நீலமாக மாறவில்லை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவிக் காயவைத்தும் பார்த்தார்கள். பனிநீர் இல்லையாம். ஆனால் சிறுநீரில் தொற்று இருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காயவைத்து என்ன பார்த்தார்கள் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கு ரொம்ப நன்றி, திட்டுகிற மாதிரி எழுதியதற்கும் சேர்த்து.

லேபர்வார்டு_அக்கா | செவ்வாய், காலை 9:05

திட்டவில்லை தம்பி, அவசரத்தில் என் எழுத்தே அப்படித்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடிக்கச் சொல்லுங்கள், முடித்த பிறகு மறுபடி ஒரு தடவை சிறுநீர் சோதனை கேளுங்கள்.

காயவைத்த கதை உங்களுக்குச் சுலபமாகப் புரியும், வாலிநோக்கம் உப்பளம் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. பாத்தியில் தண்ணீர் வற்றினால் உப்பு பூத்து நிற்கும் இல்லையா, அதேதான். பனிநீரிலும் உப்பு இருக்கிறது. கண்ணாடியில் காய்ந்தால் அது பெரணி இலை மாதிரி கிளை கிளையாகப் படியும். சிறுநீரோ வெள்ளைப்படுதலோ அப்படிப் படியாது. அந்தப் பேப்பர் காரத்தன்மைக்கு நீலமாகும், ஆனால் ரத்தம் பட்டாலும் நீலமாகும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கீழக்கரை_மருமகள் | செவ்வாய், காலை 10:40

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே 36 வாரத்தில் எல்லோருக்கும் பஞ்சு வைத்து எடுத்து பி ஸ்ட்ரெப் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம், இருந்தால் வலியின்போதே பென்சிலின் ஏற்றுவார்களாம். இங்கே எனக்கு இரண்டு பிரசவத்திலும் எடுக்கவில்லையே?

லேபர்வார்டு_அக்கா | செவ்வாய், மதியம் 12:20

எல்லா நாட்டிலும் எல்லோருக்கும் எடுப்பதில்லை. இங்கிலாந்திலேயே வழக்கமாக எடுப்பதில்லை, நம் நாட்டிலும் இல்லை. இங்கே யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கு மருந்து கொடுக்கிறார்கள். குறைமாசத்தில் வலி, குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல், காய்ச்சல், முந்தைய குழந்தைக்கு இதே கிருமியால் நோய் வந்திருப்பது, இப்படி. தவிர, பி ஸ்ட்ரெப் இல்லை என்று வந்துவிட்டால் இந்த நோயே வராது என்றும் இல்லை, மற்ற கிருமிகள் பட்டா போட்டு உட்கார்ந்திருக்கின்றனவே.

தங்கச்சிமடம்_டிரைவர் | புதன், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. ஒரே நாளில் இவ்வளவு தெரிந்துகொள்வேன் என்று நினைக்கவில்லை. கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்று சொன்னார்கள், ஆனாலும் மருந்தை ஏழு நாள் முடித்துத்தான் நிறுத்தினார்களாம். நஞ்சை அனுப்பியிருக்கிறார்கள், ரிப்போர்ட் வரவில்லை. சீட்டில் அக்கா சொன்ன அதே இரண்டு மருந்துகள்தான். எடை முதலில் இறங்கி இப்போது 1 கிலோ 810-ல் நிற்கிறது.

ஒரு கேள்வி பாக்கி. அடுத்த குழந்தை பற்றிக் கேட்டிருந்தேன். அப்புறம், கேட்கவே பயமாக இருக்கிறது, இவனுக்கு மூளையில் ஏதாவது பாதிப்பு வருமா? பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார், அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

லேபர்வார்டு_அக்கா | புதன், இரவு 10:30

பக்கத்துக் கட்டில்காரரை முதலில் மறந்துவிடுங்கள். இந்தத் தொற்றுக்கும் குறைமாசத்துக்கும் சேர்த்து, குழந்தைகளுக்கு மூளை வாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளை விடக் கூடுதல் என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் இப்படிப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை என்பதும் உண்மை. 33 வாரம், 1 கிலோ 850, இரண்டே நாளில் தானாக மூச்சு, கல்ச்சரில் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததில் இது நல்ல வரிசை. பயப்படுகிற நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் கண். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, விழித்திரையைப் பார்க்கிற பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் நடக்க வேண்டும். உங்கள் மகன் இரண்டு கணக்கிலும் வருகிறான். குழந்தை நன்றாகப் பார்க்கிறதே, எதற்கு என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வியாதி வெளியே தெரியாது, தெரியும்போது நேரம் தாண்டியிருக்கும். 30 நாள் என்பதை சுவரில் எழுதி வையுங்கள். அடுத்து காது. கேட்கும் திறன் பரிசோதனை கேளுங்கள், தொற்றும் ஜென்டாமைசினும் இரண்டுமே அதற்குக் காரணம். பிறகு தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றையும் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இல்லாவிட்டால் ஏழு வாரம் சும்மாவே கவலைப்படுவீர்கள். மாவட்ட அளவில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற இடையீட்டு மையம் இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் அனுமதித்த உடனே கங்காரு மாதிரி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மா மட்டும் இல்லை, நீங்களும் வைக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும், வெட்கப்படக் கூடாது.

மனைவியையும் பாருங்கள், எல்லோரும் குழந்தையையே பார்ப்பார்கள். காய்ச்சல் திரும்பினாலோ, தீட்டு நாற்றம் அடித்தாலோ, அடிவயிறு தொட்டால் வலித்தாலோ, ரத்தம் அதிகமாகப் போனாலோ அன்றைக்கே காட்டுங்கள். தொற்று வந்த கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, ரத்தப்போக்கு அதனால் வரும்.

அடுத்த பிரசவத்தில் மறுபடி வருமா என்றால், ஒரு தடவை குறைமாசத்தில் குடம் உடைந்தவருக்கு மறுபடி உடைகிற வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். அதனால் இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். மாசமானதும் முதல் தடவையே இந்தச் சீட்டைக் காட்டுங்கள். சிறுநீர், வெள்ளைப்படுதல் சோதனைகள் சீக்கிரமே நடக்கட்டும், 18 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் புரோஜெஸ்டிரான் மருந்தோ தையலோ டாக்டர் முடிவு செய்வார். அந்தச் சீட்டை லேமினேஷன் போட்டு வையுங்கள், நம் வீடுகளில் உப்புக்காற்றில் காகிதம் நிற்காது.

கடற்கரை_கணேசன் | வியாழன், காலை 7:00

சரி தாயி, சீரகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பப்பாளி பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே?

லேபர்வார்டு_அக்கா | வியாழன், காலை 7:20

பப்பாளி தனிச் சண்டை அண்ணே, தனித் திரி போடுங்கள், வருகிறேன்.

தங்கச்சிமடம்_டிரைவர் | அடுத்த செவ்வாய், இரவு 8:05

1 கிலோ 940. இன்றைக்கு முக்கால் மணி நேரம் என் நெஞ்சில் தூங்கினான். நஞ்சு ரிப்போர்ட் வந்துவிட்டது, சவ்வில் அழற்சி இருக்கிறது, கொடியில் இல்லை என்று எழுதியிருக்கிறது. ஃபார்மலின் தம்பி எழுதியதைப் படித்திருந்ததால் அந்த இரண்டாவது வரியை நானே தேடிப் பார்த்தேன்.

இந்தத் திரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாசி எடுத்ததைப் பற்றி அக்கா எழுதிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தனியாகவே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் தூக்குவாளி நிறையப் பால்சுறாப் புட்டு. வார்டுக்குள் சாப்பாடு விடமாட்டேன் என்று செக்யூரிட்டி சொன்னதற்கு அவரிடம் ஒரு மூச்சு சண்டை. கடைசியில் என் மனைவியே வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கண் பரிசோதனைக்கு வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள், 17-ஆவது நாள். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை, படகில் சொல்லிவிட்டேன்.